பேறுகாலத்து அரிப்பும் பித்தநீரும்



கல்கத்தாவின் கிழக்குப் புறத்தில் சால்ட் லேக் என்று வழங்கும் பகுதி, ஒரு காலத்தில் உப்பு ஏரியாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலம். 1962ஆம் ஆண்டு தொடங்கி, ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்களின் வழியே கொண்டுவந்து நிரப்பி அதனை மேடாக்கினார்கள். அத்திட்டத்துக்கு முன்னின்ற முதலமைச்சர் டாக்டர் விதான் சந்திர ராய் தொழிலால் வைத்தியர். அவர் நினைவாகவே இப்பகுதிக்கு விதான்நகர் என்ற பெயரும் அமைந்தது. இன்று இங்குள்ள மத்திய அரசு அலுவலகங்களிலும், ஐந்தாம் செக்டரிலுள்ள கணினி நிறுவனங்களிலும் பணியாற்றும் பொருட்டு நம்மவர் பலர் குடும்பத்துடன் வந்து வாழ்கின்றனர்.

இத்தகைய குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றால், ஏழாம் மாதம் நெருங்கும்போதே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது: பேறுகாலம் இங்கேயா, தாய் வீட்டிலா? லேக் மார்க்கெட்டில் பூவும் மஞ்சளும் வாங்கி வளைகாப்பை இங்கேயே நடத்துவோர் உண்டு. அண்டை வீட்டு வங்காளப் பெண்மணிகளும் தங்கள் வழக்கப்படி ‘ஷாத்’ என்னும் விருந்து படைத்து வாழ்த்துவார்கள். ஆனாலும், வளையல் அடுக்கிய கையோடு பெண்ணை ஊருக்கு ரயிலேற்றிவிட வேண்டும் என்பதே நம் பெரியவர்களின் விருப்பம். அந்த விருப்பத்தில் அன்பு இருக்கிறது. அதில் தவறு காண நான் முற்படவில்லை. ஆயினும் அந்தப் பயணத்துக்கு முன் கவனிக்க வேண்டிய ஒரு நோய்க்குறி உண்டு. பெரும்பாலோர் அதை நோயென்றே எண்ணுவதில்லை. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

என் தங்கையின் மகள் சால்ட் லேக்கில் கணவனுடன் வசிக்கிறாள். தலைப்பிரசவம். முப்பத்திரண்டு வாரம் கடந்த பின்னர், இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சொறிந்த நகக்கீறல்களைத் தவிரத் தோலில் யாதொரு மாறுதலும் இல்லை. தொலைபேசியில் கேட்ட என் தங்கை, “உடம்புச் சூடு அம்மா, வெந்தயம் ஊறவைத்துக் குடி” என்றாள். மாமியார், “வயிறு விரிகிறதல்லவா, அரிக்கத்தான் செய்யும்” என்றார். இருவரும் பிள்ளை பெற்றவர்கள், அனுபவத்தால் சொன்னார்கள். அந்தப் பெண்ணோ நான்கு இரவுகள் உறங்காமல் குளிர்ந்த தரையில் பாதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகச் சென்னை மெயிலில் சீட்டு எடுத்தாகிவிட்டது. ஐந்தாம் நாள் என்னிடம், “மாமா, இது வெறும் அரிப்பாக எனக்குத் தோன்றவில்லை” என்றாள். மொழிபெயர்ப்பது என் உத்தியோகம். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆயினும் வங்காளத்தில் பேசத் துணை வேண்டியிருந்ததால் அவளுடன் மருத்துவமனைக்குச் சென்றேன்.

அங்கே வைத்தியர் கூறியதையும், பின்னர் நான் படித்துத் தெளிந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நமது கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அது நுண்ணிய நாளங்களின் வழியே பித்தப்பைக்கும் குடலுக்கும் சென்று, உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்கச் செய்கிறது. கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் உடலில் மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன்கள், சில பெண்களிடம் இந்த ஓட்டத்தைத் தளர்த்திவிடுகின்றன. இதற்குப் பிறவியிலேயே அமைந்த இயல்பும் ஒரு காரணம். எனவே தாய்க்கோ தமக்கைக்கோ இந்நோய் வந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. குடலுக்குச் செல்ல வேண்டிய பித்த அமிலங்கள் தேங்கி இரத்தத்தில் கலக்கின்றன. அதன் வெளிப்பாடே இந்த அரிப்பு. இதனைக் கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் எனலாம்.

ஐரோப்பிய வைத்தியர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்திருக்கிறார்கள். சுவீடனிலும் சிலி நாட்டிலும் இது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கருவுற்ற பெண்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால் ஆயிரத்தில் ஏழு பேருக்கு இந்நோய் காணப்படுகிறது. அங்கு வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழிவந்த பெண்களிடையே ஆயிரத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து பேருக்குக் காணப்படுகிறது. ஆகவே இது நம்மவரை அணுகாத நோயென்று எண்ணிவிட இயலாது.

இந்நோயின் அடையாளங்கள் இவை. அரிப்பு பெரும்பாலும் இருபத்தெட்டு வாரங்களுக்குப் பின் தொடங்கும். உள்ளங்கை, உள்ளங்காலில் மிகுதியாக இருக்கும். உடல் முழுவதும் பரவவும் கூடும். இரவில் பெருகும். தோலில் தடிப்பு இராது. சிலருக்குச் சிறுநீர் கருத்தும் மலம் வெளுத்தும் போகும். கண் மஞ்சளாவது அரிது. ஆகையால் “காமாலை இல்லையே” என்று ஆறுதல் கொள்வது பொருந்தாது. கருவுற்ற காலத்தில் அரிப்பு பலருக்கும் வருவதுதான். எல்லா அரிப்பும் இந்நோயன்று. இதுவா அதுவா என்று சொல்லவல்லது இரத்தப் பரிசோதனை ஒன்றே. வழக்கமான கல்லீரல் பரிசோதனையுடன் பித்த அமிலத்தின் அளவையும் பார்க்கும்படி கேட்க வேண்டும். முதன்முறை அளவு சரியாக இருந்து அரிப்பு நீடித்தால், ஓரிரு வாரத்தில் மறுமுறையும் பார்க்க வேண்டும். அரிப்பு முன்னும் இரத்த மாறுதல் பின்னுமாக வருவது உண்டு.

தாய்க்கு இந்நோயால் உயிர்க்கேடு இல்லை. உறக்கம் கெடும், மனம் சோரும். கவலையெல்லாம் சிசுவைப் பற்றியதே. பித்த அமிலம் மிக உயர்ந்தால் சிசுவின் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்று கருதுகிறார்கள். குறைப்பிரசவம் நேரலாம், அரிதாகச் சிசு கருப்பையிலேயே இறந்துவிடவும் கூடும். இந்த அபாயம் எவ்வளவு? முன்னாளில் இந்நோய் என்றாலே எல்லோரையும் ஒருசேர அச்சுறுத்தி, முப்பத்தேழாம் வாரத்திலேயே பிரசவத்தை வரவழைத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. இந்நோய் கண்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. பித்த அமிலம் லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் குறைவாக இருந்தவர்களிடம் சிசு இறந்து பிறந்தது பதினாயிரத்தில் 13; 40 முதல் 99 வரை இருந்தவர்களிடம் பதினாயிரத்தில் 28; 100க்கு மேற்பட்டவர்களிடமோ பதினாயிரத்தில் 344. அதாவது, பெரும்பாலோருக்கு அபாயம் மிகச் சிறிது; ஒரு சிலருக்கு மட்டும் அது பெரிது. அந்த ஒரு சிலர் யார் என்பதை அரிப்பின் கடுமை காட்டாது. இரத்தத்தின் அளவே காட்டும்.

பிரசவம் எப்போது என்ற முடிவுக்கு இந்த அளவே அடிப்படை. இங்கிலாந்தின் மகப்பேற்று மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி இவ்வாறு வகுக்கிறது: அளவு 19 முதல் 39 வரையானால் நாற்பதாம் வாரத்துக்குள், 40 முதல் 99 வரையானால் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதாம் வாரங்களில், 100ஐத் தொட்டாலோ கடந்தாலோ முப்பத்தைந்து, முப்பத்தாறாம் வாரங்களில் பிரசவத்தைப் பற்றி ஆலோசிக்கலாம். நாட்டுக்கு நாடு இதில் சிறு வேறுபாடு உண்டு. இரட்டைக் குழந்தைகள், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவை சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிய நாளை அவளைப் பார்க்கும் வைத்தியரே குறிக்க வேண்டும்.

“சீக்கிரம் எடுத்துவிட்டால் கவலை ஒழிந்தது” என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியன்று. முப்பத்தைந்து வாரத்தில் பிறக்கும் சிசுவுக்கு மூச்சுத் திணறலும், பால் குடிப்பதில் இடர்ப்பாடும் நேரக்கூடும். எனவே ஒருபுறம் காத்திருப்பதன் அபாயம், மறுபுறம் முந்துவதன் அபாயம்; இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே இங்கே முடிவு என்பது. இந்நோய்க்காகவே வயிற்றை அறுக்க வேண்டியதும் இல்லை. மருந்தால் வலியை வரவழைத்து இயல்பாகப் பிரசவிக்கலாம். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்ப்பது அவரவர் விருப்பம். ஆனால் வைத்தியர் குறித்த வாரத்துக்குள்ளேதான் அந்த நாளைத் தேட வேண்டும்.

மருந்து பற்றியும் ஒரு சொல். அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் மாத்திரை நெடுங்காலமாக வழங்கப்பட்டு வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறுநூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் அதனைச் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். அரிப்பைச் சிறிதளவு தணிக்கலாமேயன்றி, சிசுவுக்குக் காப்பளிப்பதாக அந்தச் சோதனையில் புலப்படவில்லை. ஆகையால் மாத்திரை சாப்பிடுகிறோம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. கீழாநெல்லியோ வேப்பிலையோ கொடுத்துக் காத்திருப்பதும் அதைப் போன்றதே. அரிப்பைத் தாங்குவதற்குத் தளர்ந்த பருத்தி உடை, குளிர்ந்த நீரில் குளியல், மென்தால் கலந்த களிம்பு, ஒட்ட நறுக்கிய நகம் ஆகியவை உதவும். எல்லாவற்றினும் மேலாக, உறங்காத பெண்ணைப் பார்த்து “இதுகூடப் பொறுக்க முடியாதா?” என்று கேளாதிருப்பது பேருதவி. சிசுவின் அசைவை நாள்தோறும் அவள் கவனித்து வர வேண்டும். அசைவு குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு ஈரல் நோய்களும் உண்டு. 1955ஆம் ஆண்டு இறுதியில் டில்லியில் யமுனை நீர் சாக்கடையுடன் கலந்து குடிநீர் நிலையத்துக்குள் புகுந்தபோது, ஏறத்தாழ இருபத்தொன்பதாயிரம் பேருக்குக் காமாலை கண்டது. பிற்காலத்தில் அது ஹெபடைடிஸ் ஈ என்று தெளிந்தார்கள். பிறருக்குப் பெரும்பாலும் தானே தணிந்துவிடும் அந்நோய், நிறைமாதக் கர்ப்பிணிகளின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. எனவே எந்த ஊரில் இருந்தாலும் கர்ப்பிணிகள் கொதித்தாறிய நீரையே பருக வேண்டும். கண் மஞ்சளாதல், காய்ச்சல், ஓயாத வாந்தி, வலப்புற மேல்வயிற்றில் வலி, கடுந்தலைவலி, மனக்குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், இரவு பகல் பாராது உடனே மருத்துவமனையை அடைய வேண்டும்.

இனி, அயல்மொழி நாட்டில் வாழும் நமக்கென்று இரண்டு குறிப்புகள். முதலாவது, சொல். அரிப்பு என்று மட்டும் சொன்னால், கேட்பவர் தோல் நோயென்று எண்ணுவது இயல்பு. எங்கே, எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “ராத்தே ஹாதேர் தாலு ஆர் பாயேர் தொலா சுல்காய்” என்றால், இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன என்பது வங்காளத்தில் விளங்கிவிடும். தோலில் தடிப்பு இல்லை என்பதையும் எத்தனையாவது வாரம் என்பதையும் மறவாமல் கூற வேண்டும். மற்ற மாநிலங்களில் உள்ளோர் அந்தந்த மொழியில் இவ்வொரு வாக்கியத்தை அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பயணம். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர்; ஒரு நாளுக்கு மேற்பட்ட ரயில் பயணம். ரயிலால் இந்நோய் மிகாது. ஆனால் அளவை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டிய வாரங்களில், பார்த்துவந்த வைத்தியரை விட்டு, புதிய ஊரில் புதிய மருத்துவமனையில் முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. போகத்தான் வேண்டுமெனில், புறப்படுமுன் பரிசோதனை செய்து, அறிக்கைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, ஊரில் பித்த அமிலப் பரிசோதனைக்கும் குறைமாதச் சிசுவைப் பேணுவதற்கும் வசதியுள்ள இடத்தை முன்னரே பேசி வைக்க வேண்டும்.

என் மருமகளுக்கு முதல் பரிசோதனையில் அளவு 31. முப்பத்தைந்தாம் வாரத்தில் 58. வைத்தியர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து இருபுறத்து அபாயத்தையும் விளக்கிய பின், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று அவளையே கேட்டார். “நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், அம்மா வரட்டும்” என்றாள். சென்னை மெயிலில் எடுத்த சீட்டைத் திருப்பிவிட்டோம். அடுத்த வாரம், பிரசவ மருந்துப் பொடிகளையும் பழம் புடவைத் துணிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு என் தங்கை ஹௌராவில் வந்திறங்கினாள். முப்பத்தெட்டாம் வாரத்தில் வலியை வரவழைத்தார்கள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். சில நாளில் அரிப்பு தானே அகன்றது. நான்கு வாரத்துக்குப் பின் பார்த்த இரத்தமும் சீராகவே இருந்தது.

இந்நோய் கண்டவர்களுக்கு அடுத்த பேறுகாலத்திலும் இது திரும்பி வருவது பெரும்பான்மை. அதனை வைத்தியரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கருத்தடை மாத்திரை கேட்கும்போதும் சொல்ல வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

உங்கள் வீட்டிலோ அண்டையிலோ நிறைமாதப் பெண் ஒருத்தி இரவில் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டு விழித்திருந்தால், சூடு என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாள் காலையில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.