ஆபரேஷனுக்கு தேதி குறிச்சாச்சா? பீடி, சிகரெட்டை 4 வாரம் முன்பே நிறுத்துங்க!

ஹெர்னியாவோ, பித்தப்பை கல்லோ, மூட்டு மாற்றமோ... எந்த ஆபரேஷன் என்றாலும் டாக்டர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்பதுதான். "எப்பவாவது ஒண்ணு சார்" என்று மழுப்புகிறவர்கள்தான் அதிகம். இந்த பொய்யால் நஷ்டம் டாக்டருக்கு அல்ல, நோயாளிக்குத்தான்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தை பிடித்துக் கொள்கிறது. நிக்கோட்டின் ரத்தக் குழாய்களை சுருக்குகிறது. இதனால் தையல் போட்ட இடத்துக்கு போதிய ஆக்சிஜன் போகாது. புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். நுரையீரலில் சளி சேர்ந்து நிமோனியா வரலாம். இதயத்துக்கும் ஆபத்து. தினக்கூலிக்கு போகிறவர் கூடுதலாக படுக்கையில் கிடந்தால், அத்தனை நாள் கூலியும் போச்சு.

நிறுத்தினால் பலன் உண்டா? நிச்சயம் உண்டு. ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே நிறுத்தினால் சிக்கல் குறையும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு மேல் விடும் ஒவ்வொரு வாரமும் கூடுதல் லாபம்.

டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு காத்திருந்த புகைப் பழக்கம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. 6 முதல் 8 வாரம் முன்பே பழக்கத்தை விட உதவி பெற்றவர்களில் 100-க்கு 18 பேருக்கு சிக்கல். உதவி பெறாதவர்களில் 52 பேருக்கு!

"அடுத்த வாரமே ஆபரேஷன், இனி என்ன?" என்று விட்டு விடாதீர்கள். ஒரு நாள் புகைக்காமல் இருந்தாலே ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இறங்கி விடும். கடைசி நேரத்தில் நிறுத்தினால் சளி கட்டும், கெடுதல் என்ற பேச்சை நம்பாதீங்க. அதே நேரம், அவசர ஆபரேஷனை இதற்காக தள்ளிப் போடவும் கூடாது.

செய்ய வேண்டியது:

* ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

* கை நடுக்கம், எரிச்சல் வந்தால் நிக்கோட்டின் சூயிங்கம் பற்றி டாக்டரிடம் கேளுங்க.

* 1800-112-356 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்தால் பழக்கத்தை விட ஆலோசனை கிடைக்கும்.

* டிஸ்சார்ஜ் ஆனதும் டீக்கடையில் பற்ற வைக்காதீங்க. உள்ளே புண் ஆறிக் கொண்டிருக்கும் நேரம் அது.

பார்க்க வரும் கூட்டாளிகள் பழம் வாங்கி வரட்டும். பீடிக்கட்டு வேண்டவே வேண்டாம்!