இந்தூரில் ஓர் ஒளி வளையம்

மட்டாஞ்சேரிக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்த தமிழர் ஜி. என். ராமச்சந்திரன். நம் தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருகிற கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்பதை, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954-55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குச் சொன்னார். (கயிறு நமக்குத் தெரியாததா!) துணை நின்றது எக்ஸ்ரே.

அவருக்குக் கிடைத்தது எக்ஸ்ரே குழாய்தான். இன்று இந்தூரில், ராஜா ராமண்ணா மையத்தில், 172.5 மீட்டர் சுற்றளவுள்ள 'இண்டஸ்-2' வளையம் இருக்கிறது. இதைச் சிங்க்ரோட்ரான் என்பார்கள். எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் அதனுள் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்குமிடத்தில், நனைந்த குடையைச் சுழற்றினால் துளி தெறிப்பதுபோல, குழாய் தருவதைவிடப் பன்மடங்கு பிரகாசமான எக்ஸ்ரே தெறிக்கிறது.

போர்ட் கொச்சி தோபிகானாவைப் பார்த்தவர்களுக்கு மீதி எளிது. அங்கே துவைக்கும் இடம் தனித்தனி. உலர்த்தும் மைதானம் பொது. இந்தூரில் வளையம் பொது. அதைச் சுற்றி ஆய்வு நிலையங்கள் தனித்தனி. ஒன்றில் புரதம், இன்னொன்றில் உலோகம். வெளியூர் மாணவர்கள் விண்ணப்பித்து, முறை வந்ததும் மாதிரிகளோடு ரயிலேறுகிறார்கள். கிடைக்கும் நேரம் கொஞ்சம்; இரவென்று தூங்க முடியாது. ஆராய்ச்சிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளும் பேராசிரியர் மூலம் விண்ணப்பிக்கலாம்.