மவுண்ட் ரோட்டின் உயர் மாளிகை

கிராமத்தான் ஒருவன் பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்துவிட்டான் என்பதை உணர்த்த, தமிழ்ப் படக்காரர்கள் நெடுங்காலம் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். சென்னை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், நெடிதுயர்ந்து நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டிவிடுவார்கள். சென்னையில் கால் வைத்தறியாத சுங்கைப் பட்டாணி, கூலிம் தோட்டத்து மக்களும் திரையில் கண்டறிந்த கட்டடம் அது. ஆயினும் அதனை எழுப்ப எண்ணியவர் யார் என்பதும், அவர் முடிவு எங்கே நேர்ந்தது என்பதும் பலர் அறியாத செய்தி.

அவர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். நகரத்தார் லேவாதேவித் தொழில் பர்மாவிலும் மலாயாவிலும் வேரூன்றியிருந்த காலம் அது. கெடாவில் ரப்பர் நிலம் வாங்கியவர்களுக்கும் செட்டியார் கிட்டங்கிகளே கைகொடுத்தன. அம்மரபில் வந்த சிதம்பரம் செட்டியார், கிட்டங்கிக்கு அப்பாலும் சிந்தித்தார். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அது திறக்கப்பெற்றது. விரைவில் பினாங்கிலும் கிளை கண்டது. யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனமும் அவர் பொறுப்பில் வளர்ந்தது. அந்நிறுவனத்துக்காகவே 1953இல் இம்மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மறு ஆண்டு மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூர்க் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. மாண்ட 33 பேருள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அவருக்கு வயது 45.

கட்டடம் பாதியில் நிற்கையில் இன்னொரு மாறுதல் நேர்ந்தது. 1956இல் இந்திய அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கி, 245 நிறுவனங்களை ஒன்றாக்கியது. மாளிகையும் புதிய கழகத்தின் கைக்கு மாறியது. லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரௌன், மூலின் என்போர் வரைந்த திட்டத்தைச் சென்னைக் கலைஞர் எல்.எம். சித்தலே தொடர்ந்தார். பதினெட்டு மாடியாக எண்ணப்பட்டது குறைக்கப்பட்டது. எனினும் மக்கள் வாயில் அது 'பதினாலு மாடி' என்றே நிலைத்தது. 1959 ஆகஸ்ட் 23இல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார்.

உயரம் 177 அடி. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இவ்வளவு உயரம் எழுப்புவது அரிது. அம்முறையில் சுவரே சுமை தாங்க வேண்டும். உயர உயர அடிச்சுவர் பருத்து, கீழ்த்தள இடத்தையே விழுங்கிவிடும். இங்கோ கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் சுமையை ஏற்றன. சுவர் வெறும் மறைப்பாயிற்று. இந்தியாவிலேயே உயர்ந்தது எனும் பெயரை 1961இல் பம்பாய் பறித்துக்கொண்டது. மாடிக் கட்டடங்களுக்குள்தான் அப்பெருமையும். கடாரம் வென்ற இராசேந்திரனின் தந்தை 1010இல் முடித்த தஞ்சை விமானம், கான்கிரீட்டே இன்றி, ஏறத்தாழ 200 அடி உயர்ந்து நிற்கிறதே!

1975 சூலையில் பெருந்தீ மூண்டது. உட்புறம் கருகியும் எலும்புக்கூடு நின்றது; செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தினர். 2023 ஏப்ரலில் உச்சியிலிருந்த பெயர்ப்பலகை தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் அதனை அணைத்தனர்.