அப்பாவுக்கு ஒரு மாம்பழ டீ!

டீ திரிந்து போகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பால் திரிந்து பார்த்திருக்கிறேன். பாயசம் திரிந்து, அதைச் சாக்கிட்டு மாமியார் - மருமகள் உறவே திரிந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு டம்ளர் டீ, பால் ஊற்றிய அரை நிமிஷத்தில் திட்டுத் திட்டாகப் பிரிந்து நின்ற காட்சி எனக்குப் புதுசு. அப்பா கண்ணாடி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏண்டா, இதைக் குடிக்கணுமா, இல்ல உறை ஊத்தணுமா?"

வினை ஒரு தகர டப்பா ரூபத்தில் வந்தது. ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரன் கல்யாணமாகி குன்னூருக்கு ஹனிமூன் போனான். எட்டு நாள் அவன் ஃபைல்களை நான்தான் சுமந்தேன். (அவன் அங்கே நிம்மதியாக இருந்ததற்கு மறைமுகக் காரணம் நான்!) மலைக்குப் போனவர்கள் வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கி வருவது வழக்கம். இவன் டப்பாவை நீட்டினான். 'ஆர்கானிக் பிளாக் டீ - மாம்பழச் சுவையுடன், 100 கிராம்.' விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தான். நாகரிகம் தெரிந்த பையன்.

"சார், இதுக்குப் பால் ஊத்தக் கூடாது" என்று அவன் சொன்னதாக ஞாபகம். வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். என் மனைவி வழக்கம் போலத் தண்ணீரில் தூளைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பாலை ஊற்றி, சர்க்கரையும் போட்டு... மீதிக் கதை மேலே.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரிட்டயராகி ஒன்பது வருஷம். பென்ஷன், பேப்பர், டீ - இந்த மூன்றில் எது ஒரு நாள் தவறினாலும் வீட்டில் ஆட்சி கவிழும். போன பொங்கலுக்கு அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்தோம். வெறும் வயிற்றில் 190, சாப்பிட்ட பின் 280. டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே, "ஒரு நாளைக்கு எத்தனை டீ சாப்பிடறீங்க?" என்றார்.

"ரெண்டு" என்றார் அப்பா, கொஞ்சம்கூடக் கூசாமல்.

வீட்டிலேயே மூன்று. அது எனக்குத் தெரியும். தெரியாதது தெருமுனைக் கடை. ஒரு நாள் டீ மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சார், பெரியவர் கணக்கு பாக்கி இருக்கு" என்றாரே பார்க்கணும்! அங்கே தினம் மூன்று. ஆக மொத்தம் ஆறு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் பன்னிரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் ஐந்து கிராம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 60 கிராம். மாதத்துக்கு 1,800 கிராம். ரேஷன் கடைக்காரர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்.

அப்பாவைத் திட்ட மனசு வரவில்லை. நாலு மணிக்குக் கடை வாசலில் நாலு பெரியவர்களோடு நின்று, கையில் சூடான கிளாஸோடு அரசியல் பேசுவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருக்கிற ஆபீஸ். சர்க்கரை போடாத பால் டீயைக் கொடுத்துப் பார்த்தோம். "ஆஸ்பத்திரி டீ" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லித் துளசித் தொட்டியில் ஊற்றிவிட்டார். துளசிக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்ற தைரியம்!

அதனால்தான் அந்த டப்பாவை நான் தூக்கிப் போடவில்லை. பழ வாசனை வந்தால் இனிப்பு இல்லாத குறை நாக்குக்குத் தெரியாதோ என்று ஒரு நப்பாசை.

ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் முதுகைப் படித்தேன். கறுப்புத் தேயிலை, உலர்ந்த மாம்பழத் துண்டு, செம்பருத்திப் பூ, இயற்கைச் சுவையூட்டி. குற்றவாளி அகப்பட்டான். இது நம் வீட்டு வாசல் செம்பருத்தி இல்லை, அதன் சொந்தக்காரன். புளிச்சக்கீரை வகையைச் சேர்ந்த செடி. பூவின் அடியிலிருக்கும் சிவப்புப் புல்லி இதழைக் காயவைத்துப் போடுகிறார்கள். நல்ல நிறம், நல்ல புளிப்பு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் திரியாமல் என்ன செய்யும்? ஆந்திராக்காரர் கோங்குரா சட்னியில் பால் ஊற்றுவாரா? நாங்கள் ஊற்றியிருக்கிறோம்.

அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாகக் கோயமுத்தூர் போக வேண்டியிருந்தது. நண்பன் ஒருவனின் மச்சினர் குன்னூரில் டீ டேஸ்டர். டீயைக் குடித்துப் பார்ப்பதற்குச் சம்பளம்! (நம் ஆபீஸிலும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.) டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

குன்னூரில் 1963லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறது. இப்போதெல்லாம் ஏலம் கம்ப்யூட்டரில்தான். நாக்கை மட்டும் இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை. நீளமான மேஜையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூடி போட்ட சின்னக் கோப்பை. மச்சினர் ஒரு ஸ்பூன் எடுத்து 'ஸ்ஸ்ஸ்ர்ர்ர்ப்' என்று உறிஞ்சினார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் ரசத்தை அப்படி உறிஞ்சினால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். ஒரு நொடி வாயில் உருட்டி, பக்கத்திலிருந்த தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தார்.

"அவ்வளவு சத்தம் தேவையா சார்?"

"காத்தோட சேத்து இழுத்தாத்தான் வாசனை மூக்குக்குப் பின்னாடி வழியா ஏறும். டீயைப் பாதி குடிக்கிறது மூக்குதான்."

டீ போடுவதற்குச் சர்வதேசச் சட்டமே இருக்கிறதாம். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடி வைத்து ஆறு நிமிஷம். சுவை பார்ப்பவர்கள் எல்லாக் குறையும் பல்லிளிக்கட்டும் என்று வேண்டுமென்றே அவ்வளவு நேரம் ஊறவிடுகிறார்கள். நாம் குடிக்க அது ஆகாது. பிரிட்டிஷ் தர நிர்ணயக்காரர்கள் டீ போடும் முறையை ஆறு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதற்காகவே அவர்களுக்கு 1999ல் 'இக் நோபல்' என்கிற கிண்டல் பரிசு கொடுத்தார்கள். பரிசு இலக்கியப் பிரிவில்!

பயபக்தியோடு என் டப்பாவை நீட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார். புருவம் சுருங்கியது.

"சார்... இதை வீட்டில் எங்கே வெச்சிருந்தீங்க?"

"கிச்சன் அலமாரியில."

"பக்கத்துல பெருங்காயம் இருந்ததா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷனுக்கு மூக்கா, சி.ஐ.டி. ஆபீஸா! தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையையெல்லாம் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளுமாம். அந்தக் குணத்தை வைத்துத்தான் பழ டீயே தயாரிக்கிறார்கள். உருளும் டிரம்மில் தேயிலையைப் போட்டு, பழ வாசனைச் சாற்றைத் தூவிப் புரட்டுகிறார்கள். டப்பாவில் தெரிகிற மாம்பழத் துண்டு பெரும்பாலும் அழகுக்கு. வாசனை சேர்த்தால் அதை லேபிளில் போட்டாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆகவே படித்துவிட்டு வாங்குங்கள்.

அவர் இரண்டு கிண்ணம் டீ தயார் செய்தார். ஒன்று என் டப்பா. இன்னொன்று யாரோ கொடுத்த வேறொரு மாம்பழ டீ. சூடாகக் குடித்தபோது இரண்டாவதுதான் பிரமாதம்! சேலத்துத் தோப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. சொன்னேன். சிரித்தார்.

"பத்து நிமிஷம் ஆறட்டும் சார். சூட்டுல எல்லா டீயும் நல்ல டீதான். ஆறினாத்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்."

ஏறியது. பத்து நிமிஷம் கழித்து இரண்டாவது கிண்ணத்தில் ஜூஸ் பாட்டிலைக் கழுவின தண்ணீர் மாதிரி ஒன்று இருந்தது. நம் டப்பா டீயில் மாம்பழம் அடக்கமாகிப் பின்னால் போய்விட்டது. முன்னால் டீ நின்றது. நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு, விழுங்கிய பிறகு ஒரு தெளிவு. பெருங்காயமும் ஒரு துளி இருந்தது. மறைப்பானேன்?

"இலை மட்டமா இருந்தா வாசனையை வாரி இறைப்பாங்க. மேக்கப் மாதிரி. உங்க டப்பாவுல இலை யோக்கியமான இலை."

நாம் பழகியது 1930ல் அசாமில் கண்டுபிடித்த சி.டி.சி. முறையில் வெட்டிச் சுருட்டிய குருணைத் தூள். சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும். நீலகிரியிலும் பெரும்பாலும் அதுதான். பால் இல்லாமல் குடிக்க, இலையை முழுசாகவோ பாதியாகவோ உருட்டிச் செய்கிற 'ஆர்த்தடாக்ஸ்' வேண்டும். என் டப்பாவில் இருந்தது அது.

"சரி சார், ஆர்கானிக்னா ருசி கூடுமா?"

"யார் சொன்னா?" என்றார் பட்டென்று. "அது மண்ணு சமாச்சாரம். நாக்கு சமாச்சாரம் இல்லை."

சாயங்காலம் கோத்தகிரி ரோட்டில் ஒரு சின்னத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஒரே ஒரு ஏக்கர். ரசாயன உரமும் பூச்சி மருந்தும் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறதாம். சான்றிதழ் கிடைக்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை மகசூல் குறையும், ஆனால் இலை சாதா விலைக்குத்தான் போகும். பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடித்தால் காற்றில் இங்கே வராமலிருக்க வரப்போரம் செடி வளர்த்திருந்தார்.

"கட்டுப்படியாகுமாண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு வருஷம் தாண்டிட்டாச் சொல்றேன் தம்பி" என்றார், சிரிக்காமல். ஹனிமூன் பையன் சுரண்டியெறிந்த விலை ஸ்டிக்கர் எனக்கு ஞாபகம் வந்தது. அதில் எவ்வளவு இந்த வரப்பு வரை வந்து சேரும் என்று கேட்க வாய் வரவில்லை. உபசாரமாக டீ கொடுத்தார். பால், வெல்லம், இஞ்சி போட்டு! "நமக்கு இதுதான் தம்பி. அதெல்லாம் டவுன்காரங்க குடிக்கிறது."

சென்னைக்கு வந்து ஆராய்ச்சியில் இறங்கினேன். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே முழுசாக நூறு. முதல் நாள் பத்து நிமிஷம் ஊறவிட்டேன். மாம்பழ வாசனையில் நிலவேம்புக் கஷாயம். இரண்டாம் நாள் போர் தண்ணீர். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம், நிறம் சேற்றுக் குட்டை. மூன்றாம் நாள் கேன் தண்ணீரைப் புதிதாகக் கொதிக்கவைத்து, ஒன்றரை டம்ளருக்கு ஒரு ஸ்பூன் இலை என்று போட்டேன். குழாய்த் தண்ணீர் மாதிரி சப்பென்று இருந்தது. நாலாம் நாள்தான் பிடிபட்டது. 150 மில்லிக்குத் தலை தட்டிய ஒரு ஸ்பூன். அடுப்பை அணைத்த பிறகு இலை. உடனே தட்டு போட்டு மூட வேண்டும். திறந்து வைத்தால் நாம் காசு கொடுத்த மாம்பழம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மூன்றே நிமிஷம், வடிகட்டல். இலையை மட்டும் கொதிக்கவிடாதீர்கள்.

அப்பா ஒரு வாய் குடித்தார். "மூக்குக்கு இனிக்குது. நாக்குக்கு ஏமாத்தமா இருக்கு" என்றார். யோசித்தால் இதைவிடச் சரியான விமரிசனம் அந்த டேஸ்டிங் ரூமில்கூட நான் கேட்கவில்லை. பாதி டம்ளர் துளசிக்கே போயிற்று.

கைவிட்டிருப்பேன். மே மாதம் காப்பாற்றியது. என் மனைவி, "சூடாத்தானே பிடிக்கலை மாமாவுக்கு" என்று ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து ஸ்பூன் இலையைப் போட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். ராத்திரி முழுக்க ஊறியது. பச்சைத் தண்ணீரில் துவர்ப்பும் கசப்பும் சூட்டில் இறங்குகிற மாதிரி இறங்குவதில்லை. வாசனையும் ஓடுவதில்லை. காலையில் வடிகட்டினால் செம்மண் நிறத்தில் பளபளவென்று ஒரு பானம். (அதற்குள் டப்பாவைப் பெருங்காயத்திடமிருந்து பிரித்து பீரோவுக்கு மாற்றியிருந்தோம்.) மதியம் வெயிலில் வந்த அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு டம்ளர் நீட்டினாள்.

குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் இன்னொரு தரம் நீட்டினார்.

ஆறு டீ ஒரேயடியாகப் போய்விடவில்லை. காலை டீயை அவர் விடமாட்டார். அரை ஸ்பூனுக்கு இறங்கி வந்திருக்கிறார். கடையில் ஒன்று, அதற்கு ஒரு ஸ்பூன். மற்ற நாலுக்கும் மாம்பழத் தண்ணீர். டாக்டரிடம் கேட்டேன். "டீ மருந்தில்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டோடயும் குடிக்க வேண்டாம், இரும்புச் சத்து சேராது" என்றார். ஒன்றரை ஸ்பூன் கணக்கைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு ஒரு தரம் என்னைப் பார்த்தார். கடைசி ரிப்போர்ட்டில் சாப்பிட்ட பின் 210. மாத்திரையா, நடையா, டீயா, எது செய்த வேலை என்று எனக்குத் தெரியாது. அப்பா மட்டும் தன் சாமர்த்தியம் என்கிறார்.

போன வாரம் நாலு மணிக்குத் தெருமுனையைக் கடந்தபோது பார்த்தேன். அப்பா ஒரு ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். டீ மாஸ்டர் கையில் ஒரு கிளாஸ். உள்ளே செம்மண் நிறம்.

"பெரியவரே, ரொம்ப ஜில்லுனு இருக்கு. வாசனை வருது. டீ எங்கே?"

"அவசரப்படாதே. கொஞ்சம் ஜில்லு விட்டு அப்புறம் குடி. அப்பத்தான் வண்டவாளம் தெரியும்" என்றார் அப்பா.