மலைச்சாலையில் சைக்கிள் – 6: மேட்டில் கழலும் செயின்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கும் ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கும் ஏறும் சாலைகளில், கியர் சைக்கிளைச் சாய்த்து வைத்து, கையெல்லாம் கிரீஸோடு செயினை மாட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டிதான். ஜவ்வாது மலை ஏற்றம் தொடங்கியதும் கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடுகிறது. உடனே கை ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறது. தயவுசெய்து பொறுங்கள். ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை. நேற்றுவரை சரியாக இருந்த ஸ்க்ரூ இன்று தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு. வேறு ஏதோ மாறியிருக்கிறது; அதைத் தேடுவோம்.

செயின் எங்கே கழன்றது, முன்னாலா பின்னாலா? மலையில் பெரும்பாலும் முன்னால்தான். மிதிக்கும்போது செயினின் மேல்பக்கம் விறைத்து நிற்கும், கீழ்ப்பக்கம் தொய்ந்திருக்கும். ஆர்.டி. என்று நாம் சொல்லும் பின் டிரெய்லியர் தொய்ந்த கீழ்ப்பக்கத்தைத் தள்ளுகிறது, அது சுலபம். எஃப்.டி. என்கிற முன் டிரெய்லியரோ நம் காலின் முழு பலத்தையும் சுமந்து நிற்கும் மேல்பக்கத்தைத் தள்ள வேண்டும். மேட்டில் மூச்சுமுட்ட மிதித்துக்கொண்டே பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்கு மாற்றினால், செயின் முதலில் அசையாமல் நிற்கும், பிறகு ஒரேயடியாகப் பாய்ந்து உள்பக்கம் விழும்.

இது பழகாதவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. 2010 ஜூலை 19 அன்று, பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் பைரனீஸ் மலையின் போர்ட் தெ பாலே ஏற்றத்தில், முன்னணி வீரருக்கான மஞ்சள் ஜெர்சியோடு இருந்த லக்சம்பர்க் வீரர் ஆண்டி ஷ்லெக் வேகமெடுத்த நேரத்தில் அவருடைய செயின் கழன்றது. அவருடைய போட்டியாளர் அல்பெர்தோ கொந்தடோர் முந்திப் போனார். அன்று ஷ்லெக் இழந்தது 39 விநாடி. பாரிஸில் பந்தயம் முடிந்தபோது இருவருக்கும் இருந்த வித்தியாசமும் 39 விநாடிதான். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் கொந்தடோரின் பட்டம் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்கு வந்தது வேறு கதை.

ஆகவே மேடு கண்ணில் பட்டதுமே, கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே, முன் கியரை மாற்றிவிடுங்கள். மாற்றும் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் பெடலை லேசாகச் சுற்றினால் போதும். பின்னால் செயின் நடுப்பல்லில் இருக்கட்டும். கடைசிச் சின்னப் பல்லில் இருந்தால் தொய்வு அதிகமாகி இன்னும் எளிதாக விழும்.

பின்னால் கழன்றால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழும் செயின் சக்கரத்தையே பூட்டிவிடும். இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது ஹேங்கரை. ஆர்.டி.யைத் தாங்கும் சின்ன உலோகத்துண்டு அது. அடிவாரம் வரை பஸ் மேலோ கார் டிக்கியிலோ வண்டியைச் செயின் பக்கமாகப் படுக்க வைத்துக் கொண்டுவந்தால் வளைந்துவிடும். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஆர்.டி.யின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே உள்ள பல்லும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை.

ஹேங்கர் நேராக இருந்து, கேபிளும் துருப்பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடினால், இப்போது ஸ்க்ரூவுக்கு வரலாம். அதற்கு முன், எஃப்.டி.யில் செயினைச் சூழ்ந்திருக்கும் கூண்டுக்கும் பெரிய பல்சக்கரத்தின் பல்நுனிக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் வேண்டும்; ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் சரி. செயின் உள்பக்கம் விழுகிறதென்றால், எஃப்.டி. உள்பக்கம் போகும் எல்லையைக் கட்டுப்படுத்தும் ‘எல்’ ஸ்க்ரூவைக் கால் சுற்று மட்டும் முடுக்கி, ஓட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று.

நடுவழியில் கழன்றதை மாட்ட, ஆர்.டி.யின் கீழ்ச்சக்கரத்தை முன்னோக்கித் தள்ளினால் செயின் தொய்யும். அதை முன் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் வைத்து, பெடலைக் கையால் பின்பக்கம் சுற்றுங்கள். சிக்கிய செயினோடு பலங்கொண்டு மிதிக்காதீர்கள். ஃபிரேம் கீறிவிடும், செயின் முறுக்கிக்கொள்ளும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளில் கியர் இல்லை, ஆனாலும் செயின் கழலும். அங்கே காரணம் பெரும்பாலும் தொய்வுதான். பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்து, செயினை நடுவில் தொட்டால் அரை அங்குலம் ஆடும் அளவுக்கு வைத்து முடுக்கினால் போதும். முடுக்குமுன் டயர் இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் சரிநடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)