தேக்கடி ஏரியில் குழந்தைகளோடு

கோடை விடுமுறை நெருங்கியதும், டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஊருக்குப் புறப்படும் பேச்சு எழுகிறது. பாட்டி வீட்டில் சில நாள், குலதெய்வக் கோயிலில் ஒரு நாள், பிறகு குழந்தைகளுக்காகக் கடற்கரையிலோ மலையிலோ மூன்று நான்கு நாள் என்று திட்டம் வகுக்கப்படுகிறது. ஆலப்புழையிலோ கொச்சியிலோ தங்கி அலைகளில் கால் நனைத்த குழந்தைகள் அடுத்தபடியாகக் கேட்பது ஒன்றே: “படகில் எப்போது போகலாம்?”

நியாயமான ஆசைதான். ஓராண்டு முழுவதும் அடுக்குமாடி வீட்டின் நடைவழியையே விளையாட்டுத் திடலாகக் கொண்ட குழந்தைக்கு, தரையை விட்டு நீரின்மீது செல்வது பெரியதோர் அனுபவம். ஆயினும் சிறுவர்களை அழைத்துச் செல்லும் படகுப் பயணம், பெரியவர்கள் தமக்குள் போய்வரும் பயணத்தைப் போன்றதன்று. எந்தப் படகு, எந்த வேளை, எதைக் காட்டுவது, எப்போது வேண்டாம் என்று சொல்வது ஆகிய நான்கையும் பெற்றோர் முன்னரே சிந்தித்து வைத்தல் வேண்டும். தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி இடுக்கி மாவட்டத்தில் அமைந்துள்ள தேக்கடி ஏரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை ஆராய்வோம்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைச்சாலை ஏறினால் எல்லையில் குமுளி. அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டரில் தேக்கடிப் படகுத்துறை. கேரளக் கடற்கரையில் தங்கியிருப்போர் கோட்டயம் வழியாகத் தேயிலைத் தோட்டங்களினூடே 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு மலையேறி வந்து சேரலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரமாதலால், கடற்கரையின் புழுக்கத்திலிருந்து வருவோருக்குக் காலைக் குளிர் வியப்பளிக்கும்.

இந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. சிவகிரி மலைப்பகுதியில் தோன்றி மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை மலைக்குக் கிழக்கே உள்ள வறண்ட நிலங்களுக்குத் திருப்புவதற்காக, 1886-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. 1887-இல் வேலை தொடங்கிற்று. காட்டு வெள்ளமும் காய்ச்சலும் பல உயிர்களைக் கொண்டுபோயின. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1895-இல் அணை நிறைவெய்தியது. அணைக்குப் பின்னே பள்ளத்தாக்கு நீரில் மூழ்கி, சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி உருவாயிற்று. அன்று மூழ்கிய காட்டு மரங்களின் கரிய அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேலே தலை நீட்டி நிற்கின்றன. நூற்றாண்டுக்கு மேலாகியும் சாயாத அம்மரங்களின்மீது நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு விரித்து வெயில் காய்வதைப் படகிலிருந்தே காணலாம். (அணையைக் குறித்து இரு மாநிலங்களிடையே உள்ள நெடுநாள் வழக்கு நம் பேச்சுக்குப் புறம்பானது.)

ஏரியைச் சூழ்ந்த காடு 1934-இல் திருவிதாங்கூர் அரசால் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1950-இல் பெரியார் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. படகுப் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். கரையோரப் புல்வெளிகளில் யானைக் கூட்டமும், காட்டெருமையும், கடம்பை மானும், காட்டுப் பன்றியும் தண்ணீர் அருந்த வருவதுண்டு. நீர்நாய்கள் விளையாடுவதும் கண்ணில் படலாம். காட்டினுள் ஓடைகள் வற்றும் கோடை மாதங்களில் விலங்குகள் ஏரிக்கரைக்கு மிகுதியாக வரும். வேளைகளுள் அதிகாலையும் பிற்பகலின் கடைசிப் பொழுதும் ஏற்றவை.

இங்கே பெற்றோர் முதற்கண் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. “புலி பார்க்கப் போகிறோம்” என்று குழந்தையிடம் சொல்லலாகாது. படகிலிருந்து புலியைக் காண்பது மிக அரிது. யானைகூட எல்லா நாளும் வருவதில்லை. புலியை எதிர்பார்த்து வந்த குழந்தைக்கு மானும் பறவையும் ஏமாற்றமாகத் தோன்றும். ஏதோ ஒன்று கரையில் அசைந்தவுடன் அது எழுந்து மறுபக்கம் ஓடவும் கூடும். இந்த ஓட்டத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

மேலை நாட்டுக் கடற்கரைகளில் சிறுவர்களுக்கென்றே ஒரு கதையை வைத்துப் படகு விடுகிறார்கள். படகோட்டி கடற்கொள்ளைக்காரன் வேடம் புனைந்திருப்பான். குழந்தைகள் வரைபடம் பார்த்துப் புதையல் தேடுவார்கள். ஒரு கதை அமைந்துவிட்டால், குழந்தை தான் காணும் ஒவ்வொன்றையும் அக்கதையோடு பொருத்திக்கொள்கிறது, சலிப்படைவதில்லை. தேக்கடியில் வேடம் புனைந்தவர் எவருமில்லை. ஆயினும் நம் குழந்தைகளுக்கு அதனினும் பொருத்தமான கதை அங்கே உண்டு. அது “இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?” என்ற கேள்விதான்.

ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே பாய்கிறது. குமுளி மலையிலிருந்து பெருங்குழாய்களில் இறங்கி, அடிவாரத்து லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. பின்னர் வைகை அணையை அடைந்து மதுரைச் சீமைக்குச் செல்கிறது. “உன் பாட்டி வீட்டுச் சோறு இந்த ஏரியில்தான் தொடங்குகிறது” என்று சொல்லத்தக்க குடும்பங்கள், தேனி, மதுரை மாவட்டங்களிலிருந்து வெளிமாநிலம் சென்றவர்களுள் எத்தனையோ உள்ளன. மறுநாள் மலையிறங்கும்போது குழாய்களையும், லோயர் கேம்ப்பில் 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் நினைவு மண்டபத்தையும் காட்டினால் கதை நிறைவு பெறும். ஒரு தாளில் ஏரி, மரம், பறவை, குழாய், வயல் என்று வரைந்து கொடுத்து, கண்டவற்றைக் குறித்துவரச் சொன்னால், குழந்தை இருக்கையை விட்டு எழாமலே பயணம் முழுவதும் ஈடுபட்டிருக்கும்.

இனி, சொல்வதற்குக் கடினமான பகுதிக்கு வருகிறோம். 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை, இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டனர். பிற மாநிலங்களிலிருந்து சுற்றுலாவாக வந்தவர்கள் அவர்களுள் பலர், குழந்தைகளும் இருந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காண மக்கள் ஒரு பக்கமாகத் திரண்டதும், அப்படகின் அமைப்பிலேயே நிலைப்பு குறைவாக இருந்ததும் சேர்ந்து கேட்டை விளைவித்தன. பயணிகள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. மலையாள மகாகவி குமாரன் ஆசான் 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்தே உயிர் நீத்தார். 2007 பிப்ரவரி 20 அன்று, இதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியில், தட்டேக்காட்டுப் பறவைகள் சரணாலயத்தருகே பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி, 15 குழந்தைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். 2023 மே 7 அன்று, பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்துத் தானூர்க் கடற்கரையருகே, பொழுது சாய்ந்த பின் கிளம்பிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள்ளும் பலர் குழந்தைகள். மீன்பிடி படகை மாற்றியமைத்து, அளவுக்கு மிஞ்சிய ஆட்களை ஏற்றிச் சென்றது அந்தப் படகு. இடமும் ஆண்டும் வேறாயினும், இவ்விபத்துக்களில் அதிகச் சுமை, அமைப்புக் குறை, மறையும் வெளிச்சம், அணியாத மிதவைச் சட்டை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

படகு ஏன் கவிழ்கிறது என்பதை வீட்டிலேயே குழந்தைக்குக் காட்டலாம். அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதன் நடுவே சில நாணயங்களை வையுங்கள். கிண்ணம் அமைதியாக மிதக்கும். நாணயங்களை ஓரத்துக்குத் தள்ளுங்கள்; கிண்ணம் சாயும். சாய்ந்ததும் மற்ற நாணயங்களும் அப்பக்கமே சறுக்கும். சறுக்கச் சறுக்கச் சாய்வு மிகும். விளிம்பு நீரைத் தொட்டதும் கிண்ணம் மூழ்கிவிடும். அடுத்து, கிண்ணத்தின் நடுவே உயரமான சிறு டம்ளரொன்றை நிறுத்தி, நாணயங்களை அதன் உச்சியில் அடுக்குங்கள். இப்போது மெல்லத் தொட்டாலே எல்லாம் கவிழும். சுமை மேலே ஏற ஏறப் படகின் நிலைப்பு குறைகிறது என்பதும், மேல்தட்டில் கூட்டம் சேரலாகாது என்பதும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கிவிடும். காரணம் அறிந்த குழந்தை, “எழாதே” என்ற சொல்லுக்கு எளிதில் கட்டுப்படும்.

படகேறுமுன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டை. விபத்துக்குப் பின் தேக்கடியில் அதனை அணியாமல் படகேற இயலாது. எனினும் பெரியவர்களுக்கான சட்டையைக் குழந்தைக்கு மாட்டிவிடுவது பாதுகாப்பாகாது. நீரில் விழுந்தால் சட்டை மேலெழும்பும், குழந்தை கீழே நழுவும். குழந்தையின் எடைக்கேற்ற அளவைக் கேட்டுப் பெறுக. வார்களை எல்லாம் பூட்டியபின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதளவு ஏறினால் அது தளர்வானது, மாற்றிக் கேளுங்கள். கால்களுக்கிடையே செல்லும் வார் இருந்தால் அதனையும் பூட்டுக. கைக்குழந்தைக்குப் பொருந்தும் சட்டை கிடைக்காவிடில், பெற்றோருள் ஒருவர் குழந்தையோடு கரையில் தங்கிவிடுவதே தக்கது.

இரண்டாவது, இருக்கை. திறந்த வழிக்கு அருகே, இயலுமாயின் கீழ்த்தட்டில் அமர்க. சாயும் படகில் உள்ளே அகப்பட்டவர் வெளியேறுவது அரிது. ஆதலால் வழி எங்கே என்பதை அமர்ந்தவுடன் குழந்தைக்கும் காட்டுக. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்க. “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்ற ஏற்பாட்டில் எவரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது, படகின் தகுதி. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், படகுக்குப் பதிவும் பரிசோதனைச் சான்றும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றும் வேண்டும் என்கிறது. பதிவெண்ணும் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையும் கண்ணில் படும்படி இல்லையெனில் கேளுங்கள். ஆட்கள் மிகுந்திருந்தாலோ, பொழுது சாய்ந்திருந்தாலோ, காற்றும் மழையும் எழுந்தாலோ இறங்கிவிடுங்கள். கொடுத்த கட்டணம் போகட்டும். குழந்தை அழும், உறவினர் கேலி செய்வர். இவற்றைப் பொறுத்துக்கொள்வது பெற்றோர் கடமையுள் அடங்கும்.

சில்லறைச் செய்திகளும் உண்டு. காலைப் பயணத்துக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். வயிறு நிரம்ப உண்டபின் உடனே படகேறலாகாது. மலைச்சாலை வளைவுகளில் குமட்டிய குழந்தைக்குச் சற்று நேர ஓய்வு தேவை. படகுத்துறைக் குரங்குகள் கையிலுள்ள தின்பண்டத்தைப் பறிக்கும். அவற்றுக்கு உணவளிப்பது குழந்தைக்கும் நல்லதன்று, குரங்குக்கும் நல்லதன்று. காட்டில் கூச்சலிட்டால் விலங்குகள் விலகிப்போம். நீரில் எதனையும் எறியலாகாது. அது கீழே ஊர்கள் பருகும் நீர்.

பாலக்காட்டு வழியாக ஊர் செல்வோருக்கும் வாய்ப்புக்கள் உள்ளன. 1955-இல் திறக்கப்பட்ட மலம்புழா அணையின் பூந்தோட்டமும் படகும் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை. பறம்பிக்குளம் காடு கேரளத்தைச் சேர்ந்ததாயினும், வண்டிச்சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியே தமிழ்நாட்டிலிருந்தே செல்கிறது. அங்கே மூங்கில் தெப்பத்தில் நீர்ப்பயணம் உண்டு. ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கே அது தகும். எங்குச் சென்றாலும் மேற்சொன்ன விதிகள் மாறா.

வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குச் சொந்த ஊர் என்பது பெரும்பாலும் ரயில் நிலையத்தின் பெயராகவும் பாட்டியின் குரலாகவுமே இருக்கிறது. அவ்வூரின் நீர் எந்த மலையிலிருந்து வருகிறதென்று கண்ணால் கண்ட குழந்தைக்கு, அது நிலமாகவும் மலையாகவும் மனத்தில் பதியும். அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்துக்காக ஒரு மாலைப்பொழுது கிண்ணமும் நாணயமும் வைத்துக் குழந்தையோடு அமர்வது பெரிய சிரமமன்று. இந்தக் கோடையில் புறப்படுவோர், பெட்டி கட்டுவதற்கு முன் அதனைச் செய்துவிடுவார்களாக.