பின்கட்டில் எரியும் அடுப்பு
நெல் சுமந்த பழைய வள்ளங்கள் மிதக்கும் வீடுகளான கதை

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடப்பவர்கள் கிடங்குகளின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். ஓட்டுக்கூரை, கனத்த மரக்கதவு, வாசலில் அரிசி மூட்டை, சுக்கும் மிளகும் கலந்த நெடி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நிற்கும் லாரி. அந்தக் கட்டடங்களின் பழைய தலைவாசல் மறுபக்கம், காயலைப் பார்த்து இருக்கிறது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொச்சியின் முகத்துவாரத்தை அகலமாக்கியது என்பார்கள். அன்றிலிருந்து இந்தக் கரைக்குச் சரக்கு வந்ததும் போனதும் பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான். குட்டநாட்டு நெல்லும் தேங்காயும் கெட்டுவள்ளம் என்னும் சரக்குப் படகுகளில் வேம்பநாட்டுக் காயலைக் கடந்து வந்து, கிடங்குப் படித்துறையிலேயே இறங்கின.

அதே வடிவ வள்ளத்தில் இன்று இரட்டைக் கட்டில், ஏசி, குளியலறை எல்லாம் இருக்கின்றன. விடுமுறை வந்தால் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய் ஏறுகிறோம். அந்தப் பழைய படகு வீடாக மாறியபோது எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தால், மாறாத பகுதி பின்கட்டில் இருக்கிறது.

மூட்டைக்காகப் பிறந்தது

கெட்டுவள்ளத்தில் இரும்பு ஆணி கிடையாது. குமரி மாவட்டத்தார் அயினி என்று சொல்லும் ஆஞ்ஞிலி மரப்பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைப்பார்கள். இடைவெளிகளில் தேங்காய் நார் திணிக்கப்படும். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் கரிய எண்ணெயை மேலே பூசுவார்கள். உப்புநீர் படும் இடத்தில் ஆணி துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். கயிறு நைந்தால் பிரித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். ஒழுங்காகப் பராமரித்தால் ஒரு வள்ளம் தலைமுறை தாண்டி உழைக்கும் என்பதற்கு இந்தக் கட்டுமானம்தான் காரணம்.

பெரிய வள்ளங்கள் 30 டன் வரை சுமந்தன. ஆழம் குறைந்த இடங்களில் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள், திறந்த காயலில் பாய் விரிப்பார்கள். ஆலப்புழையிலிருந்து கொச்சிக்குச் சாலை வழி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பார்த்துக் கடக்க நாள்கணக்கில் ஆகும். வள்ளக்காரர்கள் சமைத்ததும் உண்டதும் உறங்கியதும் வள்ளத்திலேயே. ஹவுஸ்போட் என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது வீடாகத்தான் இருந்தது. ஆனால் அதில் குடியிருந்தது விருந்தாளி அல்ல, தொழிலாளி.

வேலை போன வள்ளங்கள்

பாலங்கள் வந்தன, லாரி வந்தது. 1970-களில், உப்புநீர் குட்டநாட்டு வயல்களுக்குள் ஏறாமல் தடுக்க தண்ணீர்முக்கம் தடுப்பணை காயலின் குறுக்கே, வள்ளங்களின் வழியில் எழுந்தது. 1989-ல் எர்ணாகுளத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. நாள்கணக்கில் வரும் சரக்குக்காக எந்த வியாபாரி காத்திருப்பார்? வள்ளங்கள் கரையேறின. பல, விறகு விலைக்குப் போகும் நிலையில் கிடந்தன.

1990-களின் தொடக்கத்தில் அவற்றைச் சுற்றுலாவுக்குத் திருப்பியவர்களில் முதன்மையானவராக, ‘டூர் இந்தியா’ நிறுவனத்தின் பாபு வர்கீஸ் பெயரைச் சொல்கிறார்கள். மூங்கில் சட்டம் கட்டி, ஓலைப்பாய் வேய்ந்து, உள்ளே அறைகள் தடுத்தார்கள். முன்புறம் சுக்கான் சக்கரமும் உட்காரும் கூடமும், நடுவில் படுக்கை அறைகள், கடைசியில் அடுப்பங்கரை. இன்றைக்கும் பெரும்பாலான ஹவுஸ்போட்டுகளின் அமைப்பு இதுதான். படகு முன்னே போகும்போது புகையும் தாளிப்பு நெடியும் பின்னால் கழிந்துவிடும் என்பது இதிலுள்ள வசதி.

பாரம் ஏறிய இடம்

சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நெல் மூட்டை வள்ளத்தின் அடிவயிற்றில் கிடக்கும். பாரம் கீழே இருக்க இருக்கப் படகு நிலையாக நிற்கும். வீடாக மாற்றும்போது மூட்டை இறங்கிவிடுகிறது. கூரை, ஏசி, தண்ணீர்த் தொட்டி, சில படகுகளில் மாடி, அந்த மாடியில் கூடி நின்று செல்ஃபி எடுக்கும் பயணிகள் என்று பாரம் மேலே ஏறுகிறது. கீழ்ச்சுமைக்காகச் செய்த உடம்புக்கு மேல்சுமை கொடுக்கிறோம். அதனால்தான் மாற்றிக் கட்டிய எந்தப் படகுக்கும் நிலைத்தன்மைச் சோதனையும் ஆள் எண்ணிக்கை வரம்பும் உயிர்ப் பிரச்சினை. 2023 மே 7-ம் தேதி மலப்புறம் மாவட்டத்தின் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது அது என்பதும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் பின்னர் பெரிய விவாதமாயின.

தரையில் ஓடும் வீடுகளுக்கும் இதே கணக்கு உண்டு. அமெரிக்காவில் ‘ஃபிப்த் வீல்’ என்றொரு வகை இழுவை வீடு இருக்கிறது. பிக்கப் லாரியின் பின்தொட்டியில், அச்சுக்கு மேலே பொருத்திய இணைப்புத் தட்டில் அதன் முன்பகுதி அமர்ந்துகொள்ளும். கொச்சியின் வல்லார்பாடம் முனையத்துக்குக் கண்டெய்னர் இழுத்துவரும் டிரெய்லர்களில் இருப்பதும் இதே வகை இணைப்புதான். வீட்டின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் அந்தத் தட்டின் மேல் விழ வேண்டும் என்பது பொதுவிதி. சமையலறையைக் கடைசியில் வைத்த வண்டிகளில் ஃபிரிட்ஜ், அலமாரி, மளிகை எல்லாம் சக்கரங்களுக்குப் பின்னால் சேரும். முன்தட்டின் மேல் அழுத்தம் குறைந்தால் வண்டி சாலையில் ஆடத் தொடங்கும். பழைய வண்டி வாங்குகிறவர் அழகான அடுப்பு மேடையைக் கண்டு மயங்காமல் எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டியது அதனால்தான்.

ஹவுஸ்போட்டின் வெற்றிக்குப் பின், தரையிலும் அதே வகைச் சுற்றுலாவைச் செய்து பார்க்கக் கேரளம் 2021-ல் ‘கேரவன் கேரளா’ கொள்கையைக் கொண்டுவந்தது. வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் திறந்தது. வண்டிக்குள் சோபா-கட்டில், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், கழிப்பறை எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வண்டியில் இருப்பது உணவைச் சூடாக்கும் சமையலறை. பின்கட்டில் கரிமீன் பொள்ளிக்கும் ஆள் அதில் கிடையாது.

பின்கட்டில் இருப்பவர்கள்

ஒரு படகில் வழக்கமாக ஓட்டுநர், உதவியாளர், சமையற்காரர் என்று மூன்று பேராவது இருப்பார்கள். மாலை மங்குவதற்குள் படகைக் கரையில் கட்டிவிட வேண்டும். இரவில் காயல், வலை வீசும் மீனவர்களுக்கு உரியது. கட்டிய பிறகு பயணிகள் சாப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பணியாளர்கள் பாத்திரம் கழுவி, காஸ் அடைத்து, அடித்தளத்தில் கசிந்த நீரை இறைத்துவிட்டு, கிடைத்த இடத்தில் படுப்பார்கள். நாம் ஒரு நாள் வாடகைக்கு வந்தவர்கள். சீசன் முழுக்கப் படகிலேயே குடியிருப்பது அவர்கள்தான். நெல் சுமந்த காலத்து வள்ளக்காரருக்கும் இவர்களுக்கும் நடுவே தொழில் மாறியிருக்கிறது, வாழ்க்கை அவ்வளவு மாறவில்லை. அன்றாவது முழுப் படகும் அவர்களுடையதாக இருந்தது.

அந்தச் சின்ன இடத்தின் நிலவரம் நம் உயிரோடும் சம்பந்தப்பட்டது. காஸ் சிலிண்டரும் ஜெனரேட்டர் டீசலும் மூங்கில், ஓலை, பாய்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. 2020 ஜனவரியில் பாதிராமணல் தீவருகே ஒரு ஹவுஸ்போட் தீப்பற்றியபோது, பயணிகள் ஆழம் குறைந்த காயலில் இறங்கித் தப்பினார்கள். எல்லா இடத்திலும் ஆழம் குறைவாக இருக்காது. கழிவுத் தொட்டியை நிலையத்தில் கொடுத்துக் காலி செய்கிறார்களா, காயலில் திறந்துவிடுகிறார்களா என்பதும் பின்பக்கத்தில்தான் தெரியும். வேம்பநாடு 2002 முதல் ராம்சார் பட்டியலில் இருக்கும் ஈரநிலம். அதே தண்ணீரில்தான் கரையோர ஊர்க்காரர்கள் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள்.

படகு பார்க்கப் போனால் தரகர் முதலில் கட்டிலையும் ஏசியையும் காட்டுவார். நேராகப் பின்னால் போய்விடுங்கள். சிலிண்டர் எங்கே இருக்கிறது, தீயணைப்பான் கைக்கு எட்டுகிறதா, அடித்தளத்தில் நீர் நிற்கிறதா, பதிவுச் சான்றில் எத்தனை பேருக்கு அனுமதி, உயிர்காப்பு உடை தலைக்கு ஒன்று உண்டா என்று கேளுங்கள். பணியாளர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்களுக்கு ஒரு மின்விசிறியும் நீட்டிப் படுக்க இடமும் ஒதுக்கிய முதலாளி, பெரும்பாலும் மற்றதையும் சரியாகவே வைத்திருப்பார்.